வலி மாத்திரையும் அன்னாசிப் புடிங்கும்: நொதியம் யாருக்கான பாடம்?



கொஞ்சம் நீளமான பதிவு. பிள்ளைகளைப் படிப்பிக்கிற பெற்றோரும், வீட்டில் மருந்துப் பெட்டி வைத்திருக்கிறவர்களும் பொறுமையாகக் கடைசி வரைக்கும் வாசியுங்கள். இதில் "நாங்கள்" என்பது இங்கே மாலை வகுப்பில் விஞ்ஞானம் படிப்பிக்கும் மூன்று பேர். ஒருவர் எழுதினார், மற்ற இரண்டு பேரும் வாசித்துத் திருத்தினார்கள். சண்டைக்கு வருவதென்றால் மூன்று பேரிடமும் வரலாம்.

எங்களிடம் உயர்தரத்தில் உயிரியல் படிக்கும் ஒரு பிள்ளை இருக்கிறான். கெட்டிக்காரன். தவணைப் பரீட்சையில் நொதியங்கள் பகுதிக்கு முழுப் புள்ளி எடுத்தவன். "நிரோதி என்றால் என்ன?" என்ற கேள்விக்கு அவன் எழுதிய விடையை நாங்களே மற்றப் பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டினோம். அதற்குப் பிறகு ஒரு மாதம் கூட ஆகவில்லை, அவனுடைய வாப்பாவுக்குக் காய்ச்சல். கை கால் எல்லாம் முறிகிற மாதிரி உளைவு, கண்ணுக்குப் பின்னால் வலி. வீட்டில் உம்மம்மாவின் முழங்கால் வலிக்கு வாங்கி மிஞ்சிய மாத்திரை அட்டை ஒன்று இருந்திருக்கிறது. டைக்ளோபெனாக். பனடோலுக்கு வலி கேட்கவில்லை என்று வாப்பா சொல்ல, இவன்தான் அதை எடுத்துக் கொடுத்தான். காலையில் ஒன்று, இரவில் ஒன்று, இரண்டு நாள். நாலாம் நாள் பல் முரசில் இரத்தம். டெங்கு. ஆஸ்பத்திரியில் ஒன்பது நாள்.

அல்ஹம்துலில்லாஹ், வாப்பா வீட்டுக்கு வந்துவிட்டார். மாத்திரைதான் இரத்தம் வரவைத்தது என்று டாக்டர் சொல்லவில்லை. டெங்குக்கே அந்தக் குணம் உண்டு. ஆனால் இந்த மாத்திரை அதை மோசமாக்கும், காய்ச்சல் நேரத்தில் கொடுக்கவே கூடாது என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்.

பையன் திரும்பி வகுப்புக்கு வந்த நாளில், எல்லோரும் போகும்வரை நின்று கேட்டான்: "சேர், அந்த மாத்திரையும் நிரோதிதானா?"

ஆம், நிரோதிதான். அவன் முழுப் புள்ளி எடுத்த அதே சொல். அந்தச் சொல்லுக்கும் உம்மம்மாவின் மருந்துப் பெட்டிக்கும் சம்பந்தம் இருக்கிறதென்று நாங்கள் ஒரு நாளும் அவனுக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. பையன்மேல் பிழை சொல்ல ஒன்றுமில்லை. பிழை எங்களுடையது, அதனால்தான் இந்தப் பதிவு.

நாங்கள் நொதியத்தைப் படிப்பித்த விதம் உங்களுக்குத் தெரிந்ததுதான். கரும்பலகையில் ஒரு பூட்டு, ஒரு திறப்பு. "நொதியங்கள் உயிரியல் ஊக்கிகள். அவை தாக்கத்தின் ஏவற்சக்தியைக் குறைக்கும். தாக்க முடிவில் மாற்றமடையாது." எழுதிக்கொள், பாடமாக்கு, அடுத்த பாடம். பத்து வருடத்துப் பாஸ்ட் பேப்பர் செய்தால் எந்த வசனம் வரும் என்று பிள்ளைக்கே தெரிந்துவிடும். வசனம் வரும், புள்ளியும் வரும். அதோடு சரி.

சரி, பூட்டையும் திறப்பையும் விட்டுவிட்டு குசினிக்குப் போவோம்.

போன நோன்பில் எங்களில் ஒருவர் வீட்டில் நடந்தது. இப்தாருக்குப் புடிங் செய்ய மாட்டு ஜெலட்டின் பக்கட் ஒன்று வாங்கி வந்து, கரைத்து, பச்சை அன்னாசியை வெட்டிப் போட்டு பிரிட்ஜில் வைத்தார்கள். அசர் வரைக்கும் உறையவில்லை. மஃரிபுக்கும் உறையவில்லை. மஞ்சள் தண்ணீராகவே இருந்தது. பக்கட் பழசு என்று கடைக்காரருக்கு ஏச்சு. அடுத்த நாள் அதே அன்னாசியின் மிச்சத்தைப் போட்டுக் கடற்பாசி காய்ச்சினார்கள். அது கல் மாதிரி உறைந்தது. மூன்றாம் நாள், பாவம் கடைக்காரரின் பெயரைக் காப்பாற்றுவதற்காகவே, அதே வகை ஜெலட்டின் பக்கட்டில் டின் அன்னாசியைப் போட்டுப் பார்த்தார்கள். அதுவும் உறைந்தது.

நொதியம் என்ற பாடத்தில் பாதி இந்த மூன்று கோப்பைக்குள் இருக்கிறது.

ஜெலட்டின் ஒரு புரதம். மாட்டின் தோலிலும் எலும்பிலும் இருந்து எடுப்பது. நீண்ட நூல் நூலாக இருக்கும். குளிரும்போது அந்த நூல்கள் ஒன்றோடொன்று பின்னி வலை போலாகி, தண்ணீரை உள்ளே பிடித்து வைத்துக்கொள்ளும். அதைத்தான் நாம் உறைந்துவிட்டது என்கிறோம். பச்சை அன்னாசிக்குள் புரோமெலின் என்ற நொதியம் இருக்கிறது. அதன் வேலை புரத நூல்களைத் துண்டு துண்டாக நறுக்குவது. நூலெல்லாம் துண்டானால் வலை எங்கிருந்து வரும்? அன்னாசியை நிறையத் தின்றால் நாக்கு அரிக்கிறதே, அதற்கும் இது ஒரு காரணம். நாம் அன்னாசியைத் தின்னும்போது அதுவும் நம் நாக்கைக் கொஞ்சம் தின்னப் பார்க்கிறது.

கடற்பாசி ஏன் தப்பியது? அது புரதமே இல்லை. கடல் தாவரத்தில் இருந்து வருகிற, வெல்ல மூலக்கூறுகள் கோத்த சங்கிலி. மாப்பொருளுக்குத் தூரத்துச் சொந்தம் என்று சொல்லலாம். புரோமெலினிடம் அதை வெட்டுவதற்கான கத்தி இல்லை. ஒரு நொதியம் தனக்குரிய கீழ்ப்படையில்தான் வேலை செய்யும், பக்கத்தில் ஆயிரம் வேறு பொருள் கிடந்தாலும் தொடாது. பூட்டும் திறப்பும் என்று 1894இல் எமில் பிஷர் என்ற ஜேர்மன் விஞ்ஞானி சொன்னது இதைத்தான். நொதிய மூலக்கூறில் ஒரு சின்னக் குழி இருக்கும், உயிர்ப்பு மையம் என்று புத்தகத்தில் இருப்பது. அந்தக் குழியின் வடிவத்துக்குப் பொருந்துகிற பொருள்தான் உள்ளே போகும். பின்னால் 1958இல் கோஷ்லாண்ட் என்பவர் அதைக் கொஞ்சம் திருத்தினார். குழி திறப்புத் துவாரம் மாதிரி விறைப்பாக இல்லை, கை நுழையும்போது கையுறை வடிவம் எடுப்பது போல, கீழ்ப்படை வந்தவுடன் அதுவும் கொஞ்சம் வளைந்து கொடுக்கிறது என்றார். எங்களுக்குக் கையுறை உவமைதான் பிடிக்கும். ஆனால் பரீட்சையில் இரண்டையும் எழுதுங்கள்.

டின் அன்னாசி ஏன் ஒன்றும் செய்யவில்லை? டின்னில் அடைக்கும்போது சூடாக்குவார்கள். நொதியம் என்பதும் ஒரு புரதம்தான், குறிப்பிட்ட விதத்தில் மடிந்து மடிந்து ஒரு வடிவத்தில் நிற்கிற புரதம். சூடு கூடினால் மடிப்புகள் குலையும். மடிப்புக் குலைந்தால் குழி இல்லை, குழி இல்லையென்றால் வேலை இல்லை. இயல்பழிதல் என்று பாடமாக்குகிறீர்களே, அது இதுதான். வட்டிலப்பத்துக்கு அடித்த முட்டை ஆவியில் வெந்து இறுகியபிறகு, பிரிட்ஜில் வைத்தாலும் மறுபடி தண்ணியான முட்டையாகுமா? ஆகாது. அவித்த நொதியமும் அப்படித்தான், குளிர வைத்தாலும் திரும்பி வராது. ஆனால் குளிரில் வைத்த நொதியத்துக்கு அந்தக் கதி இல்லை. அது மெதுவாகிறது, அவ்வளவுதான். வெளியே எடுத்தால் மறுபடி வேலை செய்யும். பிரிட்ஜில் வைத்த இறைச்சி பழுதாகாமல் இருப்பதும், வெளியே எடுத்து வைத்தால் பழுதாகத் தொடங்குவதும் பாதி இந்தக் கணக்குத்தான்.

"குளிரில் நொதியம் அழியும்" என்று வருடா வருடம் பிள்ளைகள் எழுதிப் புள்ளி இழக்கிறார்கள். மூன்று கோப்பைப் புடிங்கைக் கண்ணால் பார்த்த பிள்ளை அதை எழுதாது.

பப்பாசியும் அன்னாசியின் கூட்டாளிதான். பிரியாணிக்கு மாட்டிறைச்சி முற்றலாக இருந்தால் பச்சைப் பப்பாக்காயை அரைத்துப் பூசி வைக்கும் வேலையை இந்த ஏரியாவின் சமையல்காரர்களுக்கு யாரும் படிப்பிக்கத் தேவையில்லை. அரை மணித்தியாலம் வைத்தால் பஞ்சு, மறந்துபோய் இரவு முழுக்க வைத்தால் கூழ். அதில் இருக்கிற நொதியத்துக்குப் பெயர் பப்பெயின். பப்பாக்காயின் மேல் கீறல் போட்டு வடிகிற பாலைக் காய வைத்து ஏற்றுமதி செய்த நாடுகளில் ஒரு காலத்தில் நம் இலங்கை முன்னுக்கு நின்றது. வெளிநாட்டில் இறைச்சி மெதுவாக்கவும், பியர் கலங்காமல் தெளிவாக நிற்கவும் அதைப் பாவித்தார்கள். நாம் குடிக்காத ஒன்றுக்கு நம்மூர் மரத்துப் பால் போயிருக்கிறது!

இன்னொரு விஷயம் நம் எல்லோருடைய கையிலும் தினமும் இருக்கிறது. பிளேன்டீ.

கறுப்புத் தேயிலையும் பச்சைத் தேயிலையும் வேறு வேறு மரம் என்று பெரிய ஆட்களே நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். ஒரே செடி, ஒரே கொழுந்து. 1867இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரத் தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலை போட்டார். பங்களா விறாந்தையில் மேசையில் வைத்துக் கையால் உருட்டித்தான் முதலில் தூள் செய்தார். ஏன் உருட்ட வேண்டும்? உயிருள்ள இலைக்குள் பொலிபீனோல் என்ற சேர்வைகள் ஒரு அறையிலும், அவற்றை ஒட்சியேற்றும் நொதியம் இன்னொரு அறையிலும் இருக்கின்றன. இலையை உருட்டிக் கசக்கும்போது சுவர்கள் உடைந்து இரண்டும் சந்திக்கும். காற்றிலிருந்து ஒட்சிசனும் வரும். பச்சை நிறம் செப்பு நிறமாகி, மணமும் சாயமும் பிறக்கும். சரியான நேரத்தில் சூடான காற்றில் காய வைத்து நொதியத்தின் வேலையை நிறுத்திவிடுவார்கள். நேரம் பிந்தினாலும் பிழை, முந்தினாலும் பிழை. பச்சைத் தேயிலைக்கு இந்தச் சந்திப்பே நடக்க விடுவதில்லை. பறித்த கையோடு ஆவியிலோ சட்டியிலோ சூடு காட்டி நொதியத்தை முதலே செயலிழக்க வைத்துவிடுவார்கள். கறுப்புக்கும் பச்சைக்கும் உள்ள வித்தியாசம் ஒரு நொதியத்தை எப்போது நிறுத்துகிறோம் என்பதுதான். கத்தரிக்காயை வெட்டியவுடன் உம்மா தண்ணீருக்குள் போடுகிறாரே, அதுவும் இதே குடும்பத்து நொதியத்துக்குக் காற்றுப் படாமல் தடுக்கிற வேலை.

தோட்டத்தில் சொந்தக்காரர் உள்ளவர்கள் இங்கே நிறையப் பேர் இருக்கிறீர்கள். தேயிலைத் தொழிற்சாலையில் அந்தக் கட்டத்தை நொதிக்க வைத்தல் என்றே சொல்வார்கள். ஆனால் அப்ப மா புளிப்பது போல அங்கே நுண்ணங்கி எதுவும் வேலை செய்வதில்லை, இலையின் சொந்த நொதியம்தான். பெயர்க் குழப்பம் பழையது. நொதியம் என்ற சொல்லே நொதித்தலில் இருந்து வந்தது. ஆங்கிலப் பெயரும் அதே போல "மதுவத்துக்குள் இருப்பது" என்ற கிரேக்கச் சொல்லில் இருந்து வந்ததுதான். உயிருள்ள மதுவம் இருந்தால்தான் நொதிக்கும் என்று பெரிய பெரிய ஆட்கள் அடித்துச் சொன்ன காலம் ஒன்று இருந்தது. 1897இல் புக்னர் என்பவர் மதுவத்தை மணலோடு அரைத்துப் பிழிந்து, உயிரில்லாத அந்தச் சாறு மட்டுமே சீனியை நொதிக்க வைப்பதைக் காட்டினார். பிறகு அந்தச் சாறில் இருப்பது என்ன பொருள் என்று இன்னொரு முப்பது வருடம் சண்டை. 1926இல் சம்னர் என்ற அமெரிக்கர் வாளவரை விதையில் இருந்து யூரியேசு என்ற நொதியத்தைப் பளிங்காக எடுத்து, இது புரதம் என்றார். அவருக்குப் பதினேழு வயதில் வேட்டைக்குப் போன இடத்தில் ஒரு கை போய்விட்டது. ஒற்றைக் கையோடு ஒன்பது வருடம் அவரை விதையோடு போராடியிருக்கிறார். ஐரோப்பாவின் பெரிய பேராசிரியர்கள் நம்பவில்லை. 1946இல் நோபல் பரிசு கிடைத்தது. பிறகு ஆர்.என்.ஏ.யும் சில இடங்களில் நொதியம் போல வேலை செய்யும் என்று கண்டுபிடித்தார்கள், ஆனால் நம் பிள்ளைகளுக்கு இப்போதைக்கு "நொதியம் பெரும்பாலும் புரதம்" என்பது போதும்.

இந்தப் புரதம் என்ற ஒரு சொல்லை நன்றாகப் பிடித்துக்கொண்டால் வாட்ஸ்அப்பில் வருகிற பாதிப் பொய்யை வாசலிலேயே நிறுத்தலாம். அதற்குத்தான் வருகிறோம்.

"அன்னாசித் தோலில் செய்த நொதிய பானம். குடித்தால் நொதியம் இரத்தத்தில் கலந்து கட்டியைக் கரைக்கும், கொழுப்பைக் கரைக்கும்." இந்தச் செய்தி ஒரே வாரத்தில் எங்களுக்கு நாலு பேர் அனுப்பினார்கள். அதில் ஒருவர் உயிரியல் படித்த பிள்ளையின் தாய். போத்தலில் அடைத்து விற்கிறவர்களும் இருக்கிறார்கள். இப்போது யோசியுங்கள். உங்கள் இரைப்பையில் ஐதரோகுளோரிக்கமிலம் இருக்கிறது. அந்த அமிலத்திலேயே சந்தோஷமாக வேலை செய்கிற பெப்சின் என்ற நொதியம் இருக்கிறது. அதன் வேலை, வருகிற புரதத்தை வெட்டுவது. தாண்டிப் போனால் சிறுகுடலில் திரிப்சின் காத்திருக்கிறது. நீங்கள் குடித்த நொதியமும் புரதம்தானே? உங்கள் வயிற்றுக்கு அது கோழி இறைச்சியும் பருப்பும் மாதிரி இன்னொரு சாப்பாடு. பெரும்பாலும் அமினோ அமிலமாக உடைந்துதான் உள்ளே போகும். உம்மம்மாவின் இன்சுலின் ஏன் மாத்திரையாக இல்லாமல் ஊசியாக இருக்கிறது என்று எப்போதாவது யோசித்தீர்களா? இன்சுலின் நொதியம் இல்லை, ஹோர்மோன், ஆனால் அதுவும் புரதம். விழுங்கினால் வயிறு அதைத் தின்றுவிடும்.

நியாயமாகவும் பேச வேண்டும். வாயால் எடுக்கிற எல்லா நொதியமும் பொய் என்று நாங்கள் சொல்லவில்லை. சதையி பழுதானவர்களுக்கு டாக்டர்மார் நொதிய வில்லைகள் கொடுக்கிறார்கள். அவற்றுக்கு அமிலத்தில் கரையாத உறை போட்டிருக்கும், வேலையும் இரத்தத்தில் இல்லை, குடலுக்குள்ளேதான். பால் குடித்தால் வயிறு ஊதுகிறவர்கள் நம்மிடையே நிறையப் பேர். சின்ன வயதில் பாலில் உள்ள வெல்லத்தை உடைக்க இருந்த இலற்றேசு என்ற நொதியம் வளர வளர அவர்களுக்குக் குறைந்துபோகும். அதற்கும் மாத்திரை உண்டு. தயிர் அவர்களுக்குப் பெரிதாக ஒன்றும் செய்யாது, ஏனென்றால் பற்றீரியா ஏற்கனவே அந்த வெல்லத்தில் ஒரு பங்கைத் தின்றுவிட்டிருக்கும். எந்த நொதியம், எந்தப் பொருளில், உடம்பின் எந்த இடத்தில், எந்த அமிலத்தன்மையில்? இந்த நாலு கேள்வியையும் கேட்டால் எது மருந்து, எது போத்தல் வியாபாரம் என்று 12ஆம் தரப் பிள்ளையே சொல்லிவிடும்.

இப்போது வாப்பாவின் மாத்திரைக்கு வருவோம். இந்த இடத்தைத் தயவுசெய்து மெதுவாக வாசியுங்கள்.

நம் உடம்பில் சைக்ளோஒட்சிசனேசு என்று ஒரு நொதியம் இருக்கிறது. பெயர் நீளம், வேலை முக்கியம். அது உண்டாக்குகிற பொருட்களால்தான் காய்ச்சலும் வலியும் வீக்கமும் கூடுகின்றன. அதே நொதியம் குருதிச் சிறுதட்டுகளுக்குள்ளும், அதாவது டெங்கு வந்தால் எல்லோரும் எண்ணிக்கை கேட்கிறோமே அந்தப் பிளேட்லெட்டுக்குள்ளும் இருக்கிறது. அங்கே அதன் வேலை, தட்டுகள் ஒன்றோடொன்று ஒட்டி இரத்தத்தை அடைக்க உதவுவது. இன்னும் ஒரு பக்கம், இரைப்பையின் உள்சுவரை அமிலத்தில் இருந்து காக்கவும் அது வேண்டும். டைக்ளோபெனாக், இபுபுரூபன், மெபனமிக் அசிட், அஸ்பிரின் எல்லாமே இந்த நொதியத்தின் குழிக்குள் போய் உட்கார்ந்துகொள்கிற நிரோதிகள். அவை வலியைக் குறைப்பது அந்த வழியால்தான். ஆனால் மாத்திரைக்கு வலி உள்ள இடம் எது, பிளேட்லெட் எது என்று பிரித்துப் பார்க்கத் தெரியாது. இரண்டு இடத்திலும் அடைக்கும்.

இபுபுரூபன் போன்றவை கதிரையில் வேறொருவர் முந்தி உட்கார்ந்த மாதிரி. சில மணித்தியாலத்தில் எழும்பிப் போய்விடும், நொதியம் மறுபடி வேலை செய்யும். புத்தகத்தில் போட்டி நிரோதி என்று இருப்பது இந்த வகை. அஸ்பிரின் அப்படியில்லை. அது தன்னுடைய ஒரு சிறு துண்டைக் கழற்றி நொதியத்தின் குழி வாசலில் ஒட்டிவிட்டுப் போகும். ஒட்டியது ஒட்டியதுதான். மற்றக் கலங்கள் என்றால் புதிய நொதியம் செய்துகொள்ளும். ஆனால் குருதிச் சிறுதட்டுக்குக் கருவே இல்லை. கரு இல்லாததால் புதிய நொதியம் செய்ய வழியில்லை. அதன் ஆயுள் ஏழு முதல் பத்து நாள், அந்தத் தட்டு சாகும்வரை அந்த நொதியம் செத்ததுதான். இதனால்தான் மாரடைப்பு வந்தவர்களுக்குக் குறைந்த அளவு அஸ்பிரின் தினமும் ஒன்று போதுமாக இருக்கிறது. அஸ்பிரின் இப்படித்தான் வேலை செய்கிறது என்பதற்கான திறப்பை 1971இல் ஜோன் வேன் கண்டுபிடித்து, 1982இல் நோபல் பரிசு வாங்கினார். மருந்து அதற்கு எழுபது வருடத்துக்கு மேலாகவே கடையில் விற்றுக்கொண்டிருந்தது!

டெங்கில் பிளேட்லெட் எண்ணிக்கை ஏற்கனவே விழுகிறது. மிஞ்சியிருக்கிற தட்டுகளின் நொதியத்தையும் நாமே மாத்திரை கொடுத்து அடைத்தால்? வயிற்றுச் சுவரின் பாதுகாப்பையும் சேர்த்துக் குறைத்தால்? காய்ச்சலுக்குப் பரசிட்டமோல் மட்டும், அதுவும் டாக்டர் சொன்ன அளவுக்கு மேல் வேண்டாம் என்று சுகாதார அமைச்சு ஒவ்வொரு மழைக்காலமும் தொண்டை கிழியச் சொல்வது இதற்காகத்தான். பரசிட்டமோல் பிளேட்லெட்டின் நொதியத்தை அவ்வளவாகத் தொடுவதில்லை. ஆனால் அளவு மீறினால் ஈரலைத் தாக்கும், டெங்கில் ஈரலும் ஏற்கனவே வருந்திக்கொண்டிருக்கும்.

2017ஐ மறந்திருக்க மாட்டீர்கள். அந்த வருடம் மட்டும் நாட்டில் 186,000 பேருக்கு மேல் டெங்கு நோயாளிகளாகப் பதிவானார்கள், 400 பேருக்கு மேல் மௌத்தானார்கள். மேல் மாகாணம்தான் அதிகம். நம்முடைய ஒழுங்கைகளின் கானும், மொட்டை மாடித் தண்ணீர்த் தாங்கியும் எப்படி இருக்கின்றன என்று உங்களுக்குத் தெரியும், அது வேறு பதிவு. ஒன்று மட்டும்: இதய வருத்தத்துக்கு அஸ்பிரின் எடுக்கிறவர்கள் இதை வாசித்துவிட்டு நாளைக்கே நிறுத்திவிடாதீர்கள். காய்ச்சல் வந்தால் அன்றே டாக்டரிடம் போய், இந்த மாத்திரை எடுக்கிறேன் என்று சொல்லுங்கள், முடிவை அவர் எடுப்பார். மற்றவர்கள் மூன்றாம் நாளுக்குள் இரத்தம் சோதியுங்கள். காய்ச்சல் இறங்கியவுடன் சுகம் வந்துவிட்டது என்று நினைக்க வேண்டாம். டெங்கில் ஆபத்தான கட்டம் பல நேரம் அப்போதுதான் தொடங்கும்.

பப்பாசி இலைச் சாறு பற்றிக் கேட்பீர்கள். கேட்டும் விட்டார்கள். சில சிறிய ஆய்வுகளில் பிளேட்லெட் எண்ணிக்கை கொஞ்சம் ஏறியதாக வந்திருக்கிறது. ஆனால் டெங்கில் ஆளைக் கொல்வது பெரும்பாலும் இரத்தக் குழாயில் இருந்து நீர் கசிந்து அதிர்ச்சி நிலைக்குப் போவது. அதற்கு வேண்டியது நேரத்துக்குக் கணக்குப் பார்த்துக் கொடுக்கிற திரவம், அது ஆஸ்பத்திரியில்தான் இருக்கிறது. வீட்டில் சாறு பிழிந்துகொண்டு ஒரு நாளைக் கடத்துவதுதான் எங்களுக்குப் பயம்.

இதையெல்லாம் வகுப்பில் சொல்ல நேரம் எங்கே என்று எங்கள் துறையிலேயே சிலர் கேட்கிறார்கள். பாடத்திட்டம் முடிய வேண்டும், பிள்ளை பாஸ்ட் பேப்பர் செய்ய வேண்டும், பெற்றோர் கேட்பது பெறுபேறு. நியாயம்தான். நாங்களும் பாஸ்ட் பேப்பர் செய்விக்கிறோம், இனியும் செய்விப்போம். பல்கலைக்கழக வாசல் அதற்குள்ளால்தான் இருக்கிறது. ஆய்வுகூடம் இல்லை என்பதும் உண்மை. கொழும்பு வடக்கில் எத்தனை தமிழ் மொழி மூலப் பாடசாலைகளில் பிள்ளை தன் கையால் ஒரு சோதனைக்குழாயைப் பிடித்திருக்கிறது என்று பெற்றோரே உங்கள் பிள்ளையிடம் கேட்டுப் பாருங்கள். ஆனால் இந்தப் பாடத்துக்கு மட்டும் அந்தச் சாட்டை நாங்கள் இனி ஏற்கப் போவதில்லை. ஒரு பிடி சோற்றை நன்றாக மசித்துத் தண்ணீரில் கரைத்து இரண்டாகப் பிரியுங்கள். ஒன்றில் உமிழ்நீர் சேருங்கள், கொஞ்ச நேரம் இளஞ்சூட்டில் வையுங்கள். பிறகு இரண்டிலும் பாமசியில் வாங்கிய அயடீன் ஒரு துளி. உமிழ்நீர் இல்லாதது கருநீலமாகும், மற்றது ஆகாது அல்லது நிறம் நன்றாக மங்கும், ஏனென்றால் மாப்பொருளை உங்கள் எச்சில் உடைத்துவிட்டது. இதற்கு எவ்வளவு செலவு? காயம் கழுவுகிற ஐதரசன் பரவொட்சைட்டை ஒரு துண்டு பச்சை ஈரலில் ஊற்றினால் பொங்குகிற நுரையைப் பார்த்த பிள்ளை கற்றலேசு என்ற பெயரை வாழ்நாளில் மறக்காது. ஒரு மூலக்கூறு கற்றலேசு ஒரு செக்கனில் பல மில்லியன் பரவொட்சைட்டு மூலக்கூறுகளை உடைக்கிறது. அதே ஈரலை அவித்துவிட்டு ஊற்றுங்கள், ஒன்றும் நடக்காது.

அந்தப் பையன் இப்போது தன் வீட்டு மருந்துப் பெட்டியைப் பிரித்து, ஒவ்வொரு அட்டையிலும் உள்ள பெயரை எழுதி, எது எந்த நொதியத்தைப் பிடிக்கிறது என்று ஒரு கொப்பியில் பட்டியல் போடுகிறான். கொலஸ்ட்ரோலுக்கு வாப்பா எடுக்கிற மாத்திரையும் ஒரு நிரோதி என்று அவனே கண்டுபிடித்து வந்து சொன்னான். ஈரல் கொலஸ்ட்ரோல் செய்கிற வழியில் உள்ள ஒரு நொதியத்தை அது அடைக்கிறது. பரீட்சைக்கு வராது சேர், ஆனாலும் எழுதினேன் என்றான்.

வருகிற சனிக்கிழமை அசருக்குப் பிறகு, வழக்கமான வகுப்பு நடக்கிற இடத்தில், மூன்று கோப்பைப் புடிங் சோதனையை எல்லாப் பிள்ளைகளுக்கும் செய்து காட்டுகிறோம். 10ஆம் தரத்தில் இருந்து யாரும் வரலாம், எந்தப் பாடசாலையாக இருந்தாலும் சரி, காசு இல்லை. ஜெலட்டினும் கடற்பாசியும் டின் அன்னாசியும் நாங்கள் வாங்கிவிட்டோம். பச்சை அன்னாசி இரண்டு யாராவது தந்தால் நல்லது. உம்மாமாரும் அம்மாமாரும் வாருங்கள், வரும்போது வீட்டில் மிஞ்சிக் கிடக்கிற மாத்திரை அட்டைகளையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுவாருங்கள். அதில் உள்ள பெயர்களைப் பிள்ளைகளே உங்களுக்கு வாசித்துச் சொல்வார்கள். புடிங் உறைய மூன்று மணித்தியாலம் செல்லும் என்பதால் ஒரு செட்டை முதலே செய்து கொண்டுவருவோம். உறையாத கோப்பையை யாரும் சாப்பிட வேண்டியதில்லை, மற்ற இரண்டும் எல்லோருக்கும் காணும்.